நிதி மந்திரி ஷண்முகம் செட்டியார்

ஆண்டு முடிவு நெருங்கும்போது லைட் ஸ்திரீட்டிலுள்ள நமது பினாங்கு சட்டசபையில் மாநில வரவு செலவுத் திட்டம் வைக்கப்படுகிறது. மறுநாள் கடைத்தெருவில் நாம் பேசுவதெல்லாம் எந்தக் கட்டணம் ஏறிற்று, எது இறங்கிற்று என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு சர்க்காரின் பேரேட்டைச் சபையில் விரித்துவைத்துக் கேள்வி கேட்பதும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் எத்தனை பாரமான காரியம் என்பதை அறிய, கோயமுத்தூர் ஆர். கே. ஷண்முகம் செட்டியாரின் சரித்திரம் நமக்கு உதவும்.

1892 அக்டோபர் 17-ல் பிறந்த இவர், சென்னையில் சட்டம் படித்துத் தேறி, கோவை நகரசபையில் பொதுவாழ்வைத் தொடங்கினார். 1920-ல் சென்னைச் சட்டசபை, 1924-ல் டில்லி மத்திய சட்டசபை. அங்கே சுயராஜ்யக் கட்சியில் இருந்தார். அந்நாளைய சபைக்கு அதிகாரம் குறைவு. அங்கத்தினர்கள் ஒரு செலவை வெட்டினாலும் வைசிராய் தம் கையெழுத்தால் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனாலும் கேள்வி கேட்பதை அவர்கள் விடவில்லை. செட்டியார் 1931-ல் அச்சபையின் உப தலைவராகவும், 1933-ல் தலைவராகவும் ஆனார்.

இதற்கிடையே 1932-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளின் வியாபார மகாநாடு கூடிற்று. இந்தியத் தூதுக்குழுவில் செட்டியாரும் கராச்சி வியாபாரி சேட் ஹாஜி அப்துல்லா ஹாரூனும் போனார்கள். சாம்ராஜ்யச் சரக்குக்குச் சுங்கத்தில் சலுகை என்பதே அங்கே முடிவானது. அதே போக்கில்தான் 1934-ல் நமது துறைமுகத்திலும் அந்நிய நாட்டுத் துணிக்கு, முக்கியமாக மலிவான ஜப்பான் துணிக்கு, கோட்டா வந்தது. சுங்கமில்லாத் துறைமுகம் என்று பெயர் பெற்ற பினாங்கின் ஜவுளி வியாபாரிகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தியாவிலும் ஒட்டாவா ஒப்பந்தத்துக்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. செட்டியார் அதை ஆதரித்தவர். 1934 தேர்தலில் தோற்றார்.

பிறகு 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தில் திவான். 1944-ல் உலக நாணய நிதிக்கும் உலக பாங்குக்கும் அடிகோலிய பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுக்கும் போய்வந்தார்.

1947 ஆகஸ்டில் நேருவின் மந்திரிசபையில் நிதி இலாகா இவருக்குக் கிடைத்தது. காங்கிரஸை எதிர்த்து நின்ற ஒருவரைக் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்றது அதிசயம்தான். நவம்பர் 26-ந் தேதி முதல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். 1948 மார்ச் 31 வரைக்குமான ஏழரை மாதக் கணக்கு அது. வரவு 171 கோடி, செலவு 197 கோடி. செலவில் ஏறக்குறைய 92 கோடி ராணுவத்துக்கே போயிற்று. எல்லையின் இரு பக்கமும் லட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து நடந்துகொண்டிருந்த சமயம். அகதிகளுக்குச் சோறு போட வேண்டும், தானியம் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். அந்த நிலையில் பற்றாக்குறை இல்லாமல் யார் கணக்கு எழுத முடியும்?

அவரை வீழ்த்தியது பற்றாக்குறை அல்ல. யுத்த காலத்தில் கொள்ளை லாபம் சம்பாதித்து வரி கட்டாதவர்களை விசாரிக்க 1947-ல் ஒரு கமிஷன் அமைந்திருந்தது. லியாகத் அலி கான் பிரிவினைக்கு முன் நிதி மெம்பராக இருந்தபோது வந்த ஏற்பாடு அது. கமிஷனுக்குப் போன பட்டியலிலிருந்து சில பெயர்கள் விசாரணை முடியுமுன் எடுக்கப்பட்டன என்று தெரிந்ததும் சபையில் கேள்விமேல் கேள்வி எழுந்தது. 1948 ஆகஸ்டில் செட்டியார் ராஜிநாமாச் செய்தார். பதவியேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அவர் மீது பரிதாபப்படுகிறவர்கள் அன்றும் உண்டு, பின்பும் உண்டு. நமக்கும் பரிதாபம் இல்லாமலில்லை. ஆனால் கடையில் கணக்கப்பிள்ளை எழுதிய வரிக்கும் முதலாளிதானே பதில் சொல்கிறார்? ஊர்ப்பணம் அமானிதம். அதன் பேரேட்டில் ஒரு பெயர் அழிந்தால், ஏன் அழிந்தது என்று கேட்கச் சபைக்கு உரிமை உண்டு. பல வருஷம் அந்த உரிமையோடு வெள்ளைக்காரனைக் கேட்டவர் செட்டியாரே.

அதன்பின் தமிழிசை, சிலப்பதிகாரம் என்று தம் மனத்துக்குப் பிடித்தவற்றில் ஈடுபட்டார். 1952 தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்று, முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் அமர்ந்த சென்னைச் சட்டசபைக்கே மீண்டும் போனார். அடுத்த ஆண்டு மே 5-ந் தேதி காலமானார்.