தாந்தே: நாடிழந்தவர் பாடிய காப்பியம்

கி.பி. 1302ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் இத்தாலியின் புளோரன்ஸ் நகர அரசு ஒரு தீர்ப்பை வெளியிட்டது. நகரைவிட்டு வெளியேயிருந்த ஒருவர், இனி அதன் எல்லைக்குள் அகப்பட்டால் உயிரோடு எரிக்கப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அவர் கொலை செய்தவர் அல்லர்; ஈராண்டுக்கு முன் அதே நகரின் ஆட்சிக்குழுவில் அமர்ந்திருந்தவர். அவர் பெயர் தாந்தே அலிகியேரி. ஊரிழந்து அலைந்த அம்மனிதரிடமிருந்துதான் மேலை நாட்டு இலக்கியத்தின் தலைசிறந்த காப்பியங்களுள் ஒன்று பிறந்தது.

இளமையும் இழப்பும்

தாந்தே 1265ஆம் ஆண்டு புளோரன்சில் பிறந்தார். தாயையும் தந்தையையும் இளமையிலேயே இழந்தார். புரூனெத்தோ லத்தீனி என்னும் அறிஞர் அவருடைய அறிவுக்கு வழிகாட்டியாக விளங்கினார். கவிஞர் கீதோ கவல்காந்தி உற்ற நண்பரானார். ஒன்பது வயதில் தாந்தே கண்ட பியாட்ரிஸ் என்னும் சிறுமி அவருடைய கவிதை வாழ்வு முழுவதற்கும் ஒளியானாள். அவள் வேறொருவரை மணந்தாள். தாந்தேயும் ஜெம்மா தொனாத்தி என்பவரை மணந்தார். 1290இல் பியாட்ரிஸ் இளவயதிலேயே இறந்தாள்.

துயரத்தில் ஆறுதல் தேடிய தாந்தே இரண்டு நூல்களைக் கையிலெடுத்தார். ஒன்று, நட்பைப் பற்றிச் சிசெரோ எழுதியது. மற்றொன்று, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த போயத்தியஸ் எழுதிய மெய்யியல் நூல். ஆறுதலுக்காகத் திறந்த நூல்கள் அவரை மெய்யியலுக்குள் இழுத்துச் சென்றன. துறவியர் நடத்திய கல்விக்கூடங்களுக்குச் சென்று பாடம் கேட்டார். அரிஸ்டாட்டிலின் நூல்கள் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மேற்கு ஐரோப்பாவில் பரவியிருந்த காலம் அது. அவற்றுள் பல அரபு மொழி வழியாக வந்தவை. கிரேக்கரின் சிந்தனை அரபு அறிஞர்களின் உரையோடு ஐரோப்பாவை அடைந்தது என்பதைத் தாந்தே மறக்கவில்லை என்பதற்கு அவருடைய காப்பியமே சான்றாகும்.

ஆட்சியும் வெளியேற்றமும்

தாந்தே ஏட்டறிவோடு நின்றவரல்லர். 1289இல் கம்பல்தீனோ போரில் குதிரைப்படை வீரராகப் போரிட்டார். 1300ஆம் ஆண்டு கோடையில் இரண்டு திங்கள் ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்தார். அந்நாளில் புளோரன்ஸ் ‘வெள்ளையர்’, ‘கருப்பர்’ என்னும் இரு அணிகளாகப் பிளவுண்டு கிடந்தது. கலகத்தை அடக்க, இரு அணியின் தலைவர்களையும் நகரைவிட்டு அனுப்ப ஆட்சிக்குழு முடிவு செய்தது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் கீதோ கவல்காந்தி. சென்ற இடத்தில் நோயுற்ற அவர் அதே ஆண்டு இறந்தார். நடுநிலை தவறாதிருக்கத் தாந்தே கொடுத்த விலை மிகப் பெரிது.

அடுத்த ஆண்டு தாந்தே தூதராக உரோமைக்குச் சென்றிருந்தபோது, பிரெஞ்சு இளவரசர் ஒருவரின் படைத்துணையுடன் கருப்பர் அணி நகரைக் கைப்பற்றியது. பொதுப்பணத்தில் ஊழல் செய்தார் என்று தாந்தேமீது குற்றஞ்சாட்டி, 5,000 புளோரின் தண்டம் விதித்தனர். அவர் விசாரணைக்கு வரவுமில்லை; தண்டத்தைக் கட்டவுமில்லை. முதலில் கூறிய மரண தண்டனை அதன்பின் விதிக்கப்பட்டதே. அன்று முதல் இறக்கும்வரை அவர் புளோரன்சைக் காணவில்லை. வெரோனா, லூனிஜானா, ராவென்னா எனப் பிறருடைய மாளிகைகளில் விருந்தினராகவே அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது.

மக்கள் மொழியில் காப்பியம்

அக்காலத்தில் சமயம், சட்டம், மெய்யியல் அனைத்தும் இலத்தீனில் எழுதப்பட்டன. தாய்மடியில் கற்கும் மொழியே உயர்ந்தது என்று தாந்தே வாதிட்டார். அவ்வாதத்தைக் கற்றவர்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக அந்நூலை இலத்தீனிலேயே எழுதினார் என்பது சுவையான முரண். ஆனால் தம் பெருங்காப்பியத்தைத் தஸ்கனி மக்கள் பேசிய மொழியில் பாடினார். போலோன்யா நகரத்துப் புலவர் ஒருவர், இவ்வளவு உயர்ந்த பொருளைச் சந்தையில் பேசும் மொழியில் வீணாக்கலாமா, இலத்தீனில் பாடிப் புகழ்பெறக் கூடாதா என்று கேட்டு எழுதினார். தாந்தே அவருக்குச் செம்மையான இலத்தீன் கவிதையிலேயே விடையளித்தார். காப்பியத்தின் மொழியை மட்டும் மாற்றவில்லை.

துன்பத்தில் தொடங்கி இன்பத்தில் முடிவதாலும் எளிய மக்களின் மொழியில் அமைந்ததாலும் காப்பியத்திற்கு ‘இன்பியல்’ என்றே பெயர். ‘தெய்வீக’ என்னும் அடைமொழி பிற்காலத்தார் சேர்த்தது. நரகம், பாவக்கழுவாய்க்குரிய உத்தரிக்கும் தலம், விண்ணகம் என மூன்று காண்டங்கள், 100 காதைகள், 14,233 அடிகள் கொண்டது இக்காப்பியம். மும்மூன்று அடிகளாகச் செல்லும் பாட்டில் நடுவடியின் இயைபு அடுத்த மூன்றடிகளில் தொடர்வதால், முழுக்காதையும் ஒரு சங்கிலிபோல் பிணைந்து நிற்கிறது.

கிறித்தவரான தாந்தே மறுவுலகப் பயணத்திற்கு வழிகாட்டியாக ஒரு புனிதரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிறித்துவுக்கு முன் வாழ்ந்த உரோமானியக் கவிஞர் விர்ஜிலைத் தேர்ந்தெடுத்தார். விர்ஜிலின் காப்பியத்தில் வரும் படகோட்டி கேரன், நடுவர் மைனோஸ், முத்தலை நாய் செர்பெரஸ் ஆகிய தொன்மப் பாத்திரங்கள் இங்கே கிறித்தவ நரகின் பணியாளர்களாகின்றனர். தண்டனைகளின் வரிசையோ அரிஸ்டாட்டிலின் அறவியலைத் தழுவியது. ஆசையால் தவறியவர் மேலே. வன்முறையாளர் அதற்குக் கீழே. வஞ்சகர் எல்லாருக்கும் கீழே. விலங்குக்கில்லாத அறிவை மனிதன் தீமைக்குப் பயன்படுத்துவதே பெருங்குற்றம் என்பது அதன் அடிப்படை. ஊழல் அதிகாரிகள் அங்கே கொதிக்கும் கீலில் அமிழ்த்தப்படுகின்றனர். எந்தக் குற்றத்தைத் தம்மீது சுமத்தினரோ அதே குற்றத்திற்குத் தாந்தே வகுத்த தண்டனை அது. திருத்தந்தையரும் தப்பவில்லை. தாம் மதித்த ஆசிரியர் புரூனெத்தோவையும் நரகில் காண்கிறார். ஆயினும் தலைவணங்கியே அவரோடு நடக்கிறார்.

சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோருடன் அரபு மெய்யியலாளர்களான இப்னு சீனா, இப்னு ருஷ்து ஆகியோரும், சிலுவைப் போரில் கிறித்தவரை வென்ற சலாவுதீனும் நரகின் வாயிலில் துன்பமற்ற ஓரிடத்தில் இருக்கின்றனர். விர்ஜிலின் இடமும் அதுவே. இறுதிவரை உடன்வந்த அவர் விண்ணகத்தின் வாயிலில் மறைந்துவிடுகிறார். அதன்பின் பியாட்ரிஸ் வழிநடத்துகிறாள். வழிகாட்டியை இழந்து தாந்தே அழும் இடம் காப்பியத்தின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று.

திரும்பாத யுலிசஸ்

தாந்தேக்குக் கிரேக்கம் தெரியாது. ஓமரின் காப்பியங்கள் அன்று இலத்தீனில் முழுமையாகக் கிடைக்கவுமில்லை. யுலிசஸ் நெடுநாள் அலைந்து மனைவியிடம் திரும்பியதாக ஓமர் பாடினார். தாந்தே படைத்த யுலிசசோ வீடு திரும்புவதேயில்லை. முதுமையில், ஒரே கப்பலில் சில தோழர்களுடன் உலகின் எல்லை எனக் கருதப்பட்ட தூண்களையும் கடந்து, அறிவைத் தேடிச் சென்று கடலில் மூழ்குகிறான். வஞ்சகன் என்பதால் அவனை நரகில் வைத்த தாந்தே, கேட்பவர் நெஞ்சை அவனிடமே ஒப்படைத்துவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் தம் யுலிசசை இங்கிருந்தே பெற்றார். 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்த இத்தாலிய யூதர் பிரீமோ லெவி, சக கைதி ஒருவருடன் உணவு கொண்டுவரச் சென்ற வழியில், இக்காதையின் அடிகளை நினைவுகூர்ந்து அவருக்கு விளக்க முயன்றார். மறந்துபோன சில அடிகளுக்காக அன்றைய உணவையே தரத் தயாராக இருந்ததாக அவர் பின்னர் பதிவு செய்துள்ளார்.

1315இல் சில நிபந்தனைகளுடன் மன்னிப்பளிக்கப் புளோரன்ஸ் முன்வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு நிகரான அம்மன்னிப்பைத் தாந்தே மறுத்தார். மரண தண்டனை புதுப்பிக்கப்பட்டது. இம்முறை அவருடைய மகன்களும் சேர்க்கப்பட்டனர். ராவென்னாவின் தூதராக வெனிஸ் சென்று திரும்பிய தாந்தே, காய்ச்சலுற்று 1321 செப்டம்பரில் காலமானார்.

அரை நூற்றாண்டு கழிந்ததும் 1373இல் அதே புளோரன்ஸ், அக்காப்பியத்தை மக்களுக்கு விளக்கிச் சொற்பொழிவாற்றப் பொக்காசியோவை ஊதியம் கொடுத்து அமர்த்தியது. தாந்தே பாடிய கேரனையும் மைனோசையும் மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் தீட்டினார். ரோடின் வடித்த ‘சிந்தனையாளர்’ சிலை, நரக வாயிலின் மேல் அமர்ந்த தாந்தேயாகவே முதலில் கருக்கொண்டது. தஸ்கனி மக்களின் பேச்சுமொழி இத்தாலி முழுமைக்கும் எழுத்துமொழியாயிற்று.

தாந்தேயின் எலும்புகளைப் புளோரன்ஸ் மீண்டும் மீண்டும் கேட்டது. 1519இல் திருத்தந்தை பத்தாம் லியோ இசைவு தந்தார். கல்லறை அமைக்க மைக்கேலாஞ்சலோ முன்வந்தார். ராவென்னாவில் பேழையைத் திறந்தபோது அது வெறுமையாக இருந்தது. துறவிகள் எலும்புகளை எடுத்து மறைத்துவிட்டிருந்தனர். 1865இல்தான் அவை ஒரு சுவருக்குள் கண்டெடுக்கப்பட்டன. புளோரன்சின் சாந்தா குரோசே ஆலயத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தாந்தே நினைவுக் கல்லறை இன்றும் வெற்றாகவே உள்ளது. 2008இல் அந்நகர மன்றம் பழைய தீர்ப்பை நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ராவென்னாவில் தாந்தேயின் கல்லறையில் எரியும் விளக்குக்கு எண்ணெய் ஆண்டுதோறும் புளோரன்சிலிருந்து செல்கிறது.