கல்லில் மொழி கண்ட கலாயோகி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சிற்பங்களை ஆராய்ந்த மேலைநாட்டறிஞர் பலர், அவற்றில் கிரேக்கச் சிற்பத்தின் அழகைத் தேடினர். கிட்டாதபோது குறை கண்டனர். பல கைகளையுடைய தெய்வ வடிவங்கள் அவர்களுக்கு விகாரமாகத் தோன்றின. இக்கருத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதியவர், கலாயோகி எனத் தமிழுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சைவர், வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கிய அவரே, பௌத்தர்களின் சுத்த நிபாதத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். தாயார் எலிசபெத், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தவர். தாயும் மகனும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவர்களிடம் செல்லக் கப்பலேறவிருந்த நாளிலேயே, 1879இல், தந்தையார் காலமானார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகத்தை நினைவில் கொள்ளாத அந்த மகன், சைவத்தையும் பௌத்தத்தையும் ஒருங்கே நேசித்த தந்தையின் வழியையே பின்னாளில் தேடிச் சென்றான்.

முதலில் அவர் கற்றது கலையன்று, கல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். அந்த ஆய்வுக்காக ஊரூராகச் சென்றபோது, பாழடைந்துவரும் விகாரைகளையும், தொழில் இழந்துவரும் கம்மாளரையும் கண்டார். உள்ளம் திரும்பிற்று. கண்டிச் சிங்களக் கலைஞரின் கைத்திறனைப் பற்றிய பெருநூலை, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்தில் தாமே மேற்பார்வையிட்டு அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். அச்சிட்டவை 425 படிகளே.

1912இல் சென்னையில் வெளிவந்த சித்தாந்த தீபிகை இதழில் சிவதாண்டவம் பற்றி அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. உடுக்கை படைப்பையும், அபயக்கரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிப்பன என்று அவர் விளக்கினார். உண்மை விளக்கம், திருமந்திரம் ஆகிய தமிழ் நூல்களே அதற்குச் சான்றாயின. மேலைநாட்டார் விகாரமென்ற கைகள் ஒவ்வொன்றும் ஒரு சொல் என்பது அப்போது புலனாயிற்று.

தாம் அரிதிற் சேகரித்த கலைச் செல்வங்களைக் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைந்தால் வழங்க முன்வந்தார். அதற்கான ஆதரவு கிடைக்கவில்லை. 1917இல் அச்செல்வங்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தன. அவரும் அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளரானார். எஞ்சிய முப்பது ஆண்டுகளும் அவர் பணி அங்கேயே நிகழ்ந்தது.

பார்குத், சாஞ்சி ஆகிய இடங்களின் தொன்மையான புடைப்புச் சிற்பங்களில் புத்தர் மனித உருவில் இல்லை. வெற்றிருக்கை, போதிமரம், அறவாழி, அடிச்சுவடு ஆகியவை உள்ளன. மக்கள் கைகூப்பி நிற்கின்றனர். உருவம் பின்னர் எங்ஙனம் வந்தது? காந்தாரத்துக் கிரேக்கச் சிற்பிகளே அதனைத் தந்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே கூறினார். ஆனந்த குமாரசுவாமி 1927இல் எழுதிய ஆய்வில் இதனை மறுத்தார். மதுரா நகரின் புத்தர் அகன்ற தோளும் நேர்நோக்கும் மெல்லிய ஆடையும் கொண்டு நிற்கிறார். அவருக்கு முன்னோடி, பார்க்கம் முதலிய ஊர்களிற் கிடைத்த பேருருவ யட்சர் சிலைகளே என்று காட்டினார். மதுராவிலும் காந்தாரத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவம் எழுந்தது என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து. தொடக்கச் சிற்பங்கள் புத்தரையே குறித்தனவா, அன்றிப் புனிதத் தலங்களின் வழிபாட்டைக் காட்டினவா என்ற விவாதமும் பின்னர் எழுந்துள்ளது. ஆயினும் உருவத்தின் வேர் இந்திய மண்ணிலும் உண்டு என்ற அவர் முடிவு நிலைத்துவிட்டது.

யட்சர் பற்றி 1928இலும் 1931இலும் வெளியிட்ட இரு பகுதிகளில் அவர் மேலும் ஆழ்ந்தார். மரத்தைத் தழுவும் யட்சி, நிறைகுடம், மகரம், தாமரைக் கொடி ஆகிய யாவும் நீரிலிருந்து உயிர் தோன்றும் பழைய நம்பிக்கையின் குறிகள் என்றார். சாஞ்சியில் யானைகள் நீராட்டத் தாமரைமேல் அமர்ந்த பெண்ணை மாயாதேவி என்றனர் சிலர். அவளைத் திருமகளாகக் கண்டார் இவர். தூபியின் தோரணத்திலும் இந்துக் கோயிலின் வாயிலிலும் அவளே வீற்றிருக்கிறாள். 1935இல் வந்த பௌத்தப் படிமவியல் நூலில் மரம், தாமரை, ஆழி ஆகியவற்றின் மூலத்தை வேதங்களில் தேடினார். சமயங்கள் வேறாயினும் குறிமொழி பொது என்பது அவர் கண்ட உண்மை. எல்லாவற்றிலும் ஒருமையே கண்டு, காலவேறுபாட்டைச் சிறிதாக்கினார் என்று அவரைக் குறைகூறியோரும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை.

1947 ஆகஸ்டில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. இந்தியா விடுதலை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. தாயகம் திரும்பி, இமயச் சாரலில் தவவாழ்வு மேற்கொள்ளப்போவதாக நண்பர்களிடம் அறிவித்தார். செப்டம்பர் 9ஆம் நாள், பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது. தந்தைபோல் மகனும் புறப்படவிருந்த பயணத்தின் முன்னரே மறைந்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் கவிஞர் பலர் உள்ளனர். தாமரையும் விளக்கும் நிறைகுடமும் நம் கவிதைகளில் அணியாக வந்து போகின்றன. அவை அணியல்ல, பொருள் என்று நிறுவுவதற்கு ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அடுத்தமுறை தாமரை என்று எழுதுமுன், அதன் தண்டு எந்த நீரில் நிற்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.