தொழிலைத் தவமாக்கிய தாதாசாகேப் பால்கே

மனிதன் செய்யும் தொழில்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வயிற்றுப் பிழைப்பிற்காகச் செய்வது ஒன்று. உள்ளத்தின் ஆழத்திலிருந்து எழும் ஈடுபாட்டினால் செய்வது மற்றொன்று. முதலாவது பெரும்பாலோருக்கு எப்படியோ அமைந்துவிடுகிறது. இரண்டாவது வகைத் தொழிலைத் தேடிக் கண்டடைவதற்கு விவேகம் வேண்டும். கண்டபின் அதில் இறங்குவதற்குத் துணிவு வேண்டும். இறங்கியபின் அதில் நிலைத்து நிற்பதற்குத் தவம் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே பெற்றிருந்தவர், இந்தியத் திரைப்படக் கலையின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகேப் பால்கே.

வைதிகக் குடும்பத்தின் வாரிசு

பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றான திரியம்பகேசுவரம், மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் நகருக்கு அருகில், கோதாவரி நதி தோன்றும் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. அத்தலத்தில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் துண்டிராஜ் கோவிந்த பால்கே பிறந்தார். தந்தை சம்ஸ்கிருதப் பண்டிதர். வைதிகக் கிரியைகளை நடத்திவைக்கும் சாஸ்திரி. பின்னர் அவருக்குப் பம்பாயில் சம்ஸ்கிருதம் கற்பிக்கும் பணி கிடைக்கவே, குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது.

புராண இதிகாசங்கள் ஒலிக்கும் சூழலில் வளர்ந்த சிறுவனின் கைகளோ எப்போதும் வரைவதிலும் வண்ணம் தீட்டுவதிலுமே ஈடுபட்டிருந்தன. குலத்தொழிலான பாண்டித்தியத்தை மேற்கொள்வதா, கைகள் நாடும் கலையை மேற்கொள்வதா என்ற கேள்வி எழுந்தபோது, கலையின் பாதையையே அவர் தேர்ந்தெடுத்தார். 1885-இல் பம்பாயின் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். அதன்பின் பரோடாவிலுள்ள கலாபவனத்தில் ஓவியம், சிற்ப வடிவமைப்பு, கட்டடக் கலை, புகைப்படக் கலை ஆகியவற்றைப் பயின்றார்.

வீணாகாத ஆண்டுகள்

கற்றவை பல. ஆனால், அவற்றுள் எது தமக்குரியது என்பது அவருக்கு உடனே புலப்படவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் தேடலிலேயே கழிந்தன.

குஜராத்திலுள்ள கோத்ராவில் புகைப்பட நிலையம் ஒன்றை அமைத்தார். 1900-ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோய் அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் பறித்துக்கொண்டது. துயரத்தோடு பரோடா திரும்பி மீண்டும் புகைப்படத் தொழிலைத் தொடங்கினார். புகைப்படம் எடுத்தால் உடலின் சக்தி குறைந்துவிடும் என்ற அச்சம் மக்களிடையே இருந்ததால் அங்கும் தொழில் செழிக்கவில்லை. நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை தீட்டினார். பரோடாவுக்கு வந்த மேலைநாட்டு மந்திரவித்தைக் கலைஞர் ஒருவரிடம் அவ்வித்தையையும் கற்று, தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக மாற்றிப் பேராசிரியர் கேல்பா என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடத்தினார். 1902-இல் மறுமணம் நடைபெற்றது. சரஸ்வதிபாய் என்ற அந்த அம்மையார் அவருடைய இலட்சிய வாழ்வின் சமபங்காளியாக விளங்கினார்.

பிறகு தொல்பொருள் ஆய்வுத் துறையில் புகைப்படக்காரராகவும் வரைவாளராகவும் பணி கிடைத்தது. நிலையான ஊதியம் தரும் அந்த அரசுப் பணியைச் சுதேசி உணர்வு நாடெங்கும் பொங்கிய நாட்களில் அவர் துறந்தார். சொந்தமாக அச்சுக்கூடம் நிறுவினார். லோனாவ்லாவிலிருந்த ரவிவர்மா அச்சகத்தின் படங்களுக்கான பணிகளைச் செய்து கொடுத்தார். வண்ண அச்சுக்கலையின் நுட்பங்களை அறிய 1909-இல் ஜெர்மனி சென்று வந்தார். அச்சுக்கூடம் நல்ல பெயர் பெற்றது. ஆயினும் பங்குதாரருடன் கருத்து வேறுபாடு முற்றவே, தாம் வளர்த்த நிறுவனத்திலிருந்து வெறுங்கையுடன் வெளியேறினார்.

புறப்பார்வைக்கு இவை தோல்விகளின் வரிசை. உண்மையில் ஓவியம், புகைப்படம், ரசாயனம், நாடக அரங்கம், மாயத் தோற்றங்களை உருவாக்கும் வித்தை ஆகிய அனைத்தும் ஒரே கலையில் வந்து சங்கமிக்கக் காத்திருந்தன. அந்தக் கலை அப்போது இந்தியாவில் வேரூன்றியிருக்கவில்லை. ஈடுபாட்டோடு கற்ற எதுவும் வீணாவதில்லை என்பதற்கு அவருடைய வாழ்வின் இந்தப் பகுதியே சான்று.

திரையில் தோன்றிய தரிசனம்

நாற்பது வயதைக் கடந்து, தொழிலும் இல்லாமல் இருந்த அந்த நாட்களில், பம்பாயில் ஒரு கூடாரக் கொட்டகையில் ஏசுநாதரின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் மௌனப் படத்தை அவர் கண்டார். திரையில் ஏசுநாதரின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்க, அவருடைய மனக்கண் முன்னே கோகுலத்துக் கிருஷ்ணனும் அயோத்தி ராமனும் உலவினர். நம் நாட்டின் தெய்வ வடிவங்களை நம் மக்களே இவ்வாறு திரையில் காணும் நாள் வராதா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை மனைவியையும் அழைத்துச் சென்று காட்டினார். அன்றே அவர்கள் இருவர் உள்ளத்திலும் அந்த சங்கல்பம் வேரூன்றியது.

ஆசைக்கும் சங்கல்பத்திற்கும் வேறுபாடு உண்டு. ஆசை பலனைக் கற்பனை செய்து மகிழ்கிறது; சங்கல்பம் அதற்கான உழைப்பை உடனே தொடங்குகிறது. பால்கே சிறிய படக்கருவி ஒன்றையும் படச்சுருள்களையும் வாங்கினார். கிடைத்த படங்களையெல்லாம் நாள்தோறும் பலமணி நேரம் பார்த்து ஆராய்ந்தார். உறக்கமில்லை, ஓய்வில்லை. விளைவாகக் கண்கள் பாதிக்கப்பட்டுப் பார்வையே பறிபோயிற்று. திரைப்படக் கலைக்காகப் புறப்பட்டவருக்கு விழிகளே இல்லை என்ற அந்த நிலையில் வேறு எவராயினும் அதையே தெய்வ சங்கேதமாகக் கொண்டு பின்வாங்கியிருக்கக்கூடும். மருத்துவரின் சிகிச்சையாலும் மனைவியின் பணிவிடையாலும் பார்வை திரும்பியது. திரும்பிய பார்வையை அவர் மீண்டும் அந்தப் படச்சுருள்களின்மீதே செலுத்தினார்.

பட்டாணிச் செடி தந்த நம்பிக்கை

உற்றாரும் நண்பர்களும் அவருடைய எண்ணத்தைப் பித்து என்றே கருதினர். அவர்களுடைய கவலையிலும் நியாயம் இருந்தது. அவருக்கு மனைவியும் குழந்தைகளும் இருந்தனர், வருவாயோ இல்லை. பால்கே தம்முடைய ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துப் பொருள் திரட்டி, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டனுக்குப் புறப்பட்டார். தமக்குப்பின் குடும்பத்திற்கு அரணாக இருக்க வேண்டிய பொருளைப் பணயமாக வைத்த செயல் அது. மனைவியின் மனமார்ந்த இசைவு இல்லாதிருந்தால் அது நடந்திராது.

லண்டனில் அவருக்கு அறிமுகமானவர் எவருமில்லை. திரைப்பட வார இதழ் ஒன்றின் அலுவலகத்திற்கு நேரே சென்று அதன் ஆசிரியரைச் சந்தித்தார். இந்தியாவில் இத்தொழில் வேரூன்றுவது கடினம் என்று அவர் முதலில் எச்சரித்தார். வந்தவரின் உறுதியைக் கண்டபின், செசில் ஹெப்வொர்த் என்ற புகழ்பெற்ற படத் தயாரிப்பாளருக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஹெப்வொர்த் தம் படப்பிடிப்பு நிலையத்தின் எல்லாப் பிரிவுகளையும் பார்த்துக் கற்க அனுமதித்தார். வில்லியம்சன் படக்கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டே மாதங்களில் பால்கே தாயகம் திரும்பினார்.

முழுநீளப் படத்திற்கு முதலீடு வேண்டும். வெறும் சொற்களை நம்பி எவர் பணம் தருவார்? பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். படக்கருவியை அதன் முன் நிறுத்தி, ஒரு மாதத்திற்கும் மேலாக ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் படம் எடுத்தார். திரையிட்டபோது, விதை முளைத்து, இலைவிட்டு, கொடியாகப் படரும் அதிசயம் ஓரிரு நிமிடங்களில் கண்முன் நிகழ்ந்தது. அதைக் கண்டவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது, பணமும் கிடைத்தது. அவருடைய துணிவு குருட்டுத் துணிவு அன்று. முதலில் கற்றார், பிறகு சிறிய அளவில் செய்து காட்டினார், அதன்பின்னரே பெரிய முயற்சியில் இறங்கினார்.

அரிச்சந்திரனின் தொழிற்சாலை

சத்தியத்திற்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த அரிச்சந்திரனின் கதையையே முதல் படத்திற்குத் தேர்ந்தெடுத்தார். பம்பாயின் தாதர் பகுதியிலிருந்த அவருடைய வீடே படப்பிடிப்புக் கூடமாயிற்று. நடிப்பது இழிவென்று கருதப்பட்ட காலம் அது. எங்கு வேலை செய்கிறீர்கள் என்று யாரேனும் கேட்டால், அரிச்சந்திரனின் தொழிற்சாலையில் என்று மட்டும் கூறும்படி பால்கே தம் குழுவினருக்குச் சொல்லி வைத்திருந்தார். அரசி தாராமதியாக நடிக்கப் பெண் எவரும் முன்வரவில்லை. இறுதியில் உணவு விடுதியொன்றில் சமையல் வேலை செய்த சாளுங்கே என்ற இளைஞரையே அரசியாக்கினார். அரிச்சந்திரனின் மகனாக நடித்தவர் பால்கேயின் சொந்த மகன் பாலசந்திரா.

சரஸ்வதிபாயின் பணி இவை எல்லாவற்றிலும் பெரிது. குழுவினர் அனைவருக்கும் நாள்தோறும் அவரே சமைத்தார். பகலில் வெயிலில் நின்று, வெள்ளைத் துணியை ஏந்தி நடிகர்கள்மீது ஒளியைத் திருப்பினார். இரவில் வீட்டு வேலைகள் முடிந்தபின், இருட்டறையில் அமர்ந்து கச்சாப் படச்சுருளின் ஓரங்களில் துளையிட்டார். ரசாயனங்களைக் கலந்து படத்தைத் துலக்கவும் உதவினார். நகைகளும் ஒவ்வொன்றாக இம்முயற்சிக்கே போயின. ஒருவர் தம் உள்ளம் நாடும் பணியைத் துணிந்து மேற்கொள்ளும்போது, அத்துணிவின் சுமையை உடனிருப்பவர்களும் தாங்குகின்றனர். பால்கேயின் வரலாற்றைப் படிப்போர் இந்த அம்மையாரை மறத்தல் ஆகாது.

சுமார் 3,700 அடி நீளமுள்ள 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பம்பாய் காரனேஷன் திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. மக்கள் திரண்டு வந்தனர். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று அது பொதுவாகப் போற்றப்படுகிறது.

புகழும் இழப்பும்

1914-இல் பால்கே தம் படங்களுடன் மீண்டும் லண்டன் சென்றார். அவற்றைக் கண்டு வியந்த ஹெப்வொர்த், பெரும் ஊதியத்துடன் அங்கேயே பணியாற்றுமாறு அழைத்தார். கடன் சுமையால் வருந்திக்கொண்டிருந்தவருக்கு அது சிறிய வாய்ப்பன்று. ஆயினும் இந்தக் கலை இந்திய மண்ணில் வேரூன்ற வேண்டும் என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. விரைவிலேயே உலகப் போர் மூண்டது; முதலீடு செய்வோர் பின்வாங்கினர். அந்தச் சோதனையையும் கடந்து, 1917-இல் 'லங்கா தகன்' என்ற படத்தை வெளியிட்டார். திரையில் ராமபிரானைக் கண்டதும் மக்கள் தரையில் விழுந்து வணங்கினர் என்றும், சென்னையில் வசூலான நாணயங்களை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றனர் என்றும் சொல்வதுண்டு. 1919-இல் வெளிவந்த 'காளிய மர்தன'த்தில் அவருடைய மகள் மந்தாகினி பாலகிருஷ்ணனாக நடித்தாள்.

செல்வம் வந்தபோது பங்குதாரர்களும் வந்தனர். 1918-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் நிறுவனத்தில் கணக்கும் செலவும் பற்றிய பூசல்கள் எழுந்தன. மனம் வெறுத்த பால்கே அனைத்தையும் விட்டுக் காசிக்குச் சென்று, அங்கே நாடகம் ஒன்றை இயற்றினார். சில காலத்திற்குப்பின் திரும்பி வந்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. பேசும் படங்கள் வந்தன. மௌனப் படங்களின் யுகம் மறைந்தது. 1937-இல் வெளிவந்த 'கங்காவதரண்' அவருடைய கடைசிப் படமாயிற்று. அதன்பின் நாசிக்கில் வறுமையோடும் நோயோடும் வாழ்ந்து, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் மறைந்தார். அப்போது திரையுலகம் அவரைப் பெரிதும் மறந்திருந்தது. கால் நூற்றாண்டு கழிந்தபின், 1969-இல், இந்திய அரசு திரைத்துறையின் மிக உயர்ந்த விருதை அவர் பெயரால் நிறுவியது.

சுதர்மத்தின் பாதை

உள்ளம் நாடும் பணியைத் துணிந்து செய்பவனுக்குச் செல்வமும் புகழும் நிச்சயம் என்று பால்கேயின் வாழ்வு கூறவில்லை. அவை வந்தன, போயின. அவர் கடைப்பிடித்த பணி மட்டும் நிலைத்தது. இன்று இந்தியாவின் எத்தனையோ மொழிகளில் தழைத்திருக்கும் கலைக்கு அவர் ஊன்றிய வித்தே மூலம்.

தமக்குரிய பணி எது என்று ஒருவர் எவ்வாறு அறிவது? வெறும் விருப்பம் முதல் தடையிலேயே வாடிவிடும். சுதர்மமோ தடைகளால் மேலும் ஆழமாக வேரோடும். பார்வை போனபோதும் விலகாதது, ஊரார் நகைத்தபோதும் தளராதது, பெரும் ஊதியம் அழைத்தபோதும் விலைபோகாதது எதுவோ, அதுவே பால்கேயின் சுதர்மம். அச்சமே இல்லாதவர்கள்தாம் இப்பாதையில் நடக்க முடியும் என்பதில்லை. செய்ய வேண்டிய பணியின்மீது கொண்ட அன்பு, அச்சத்தைவிடச் சற்று மிகுந்திருந்தால் போதும். ஒரு விதையை ஊன்றி, நாள்தோறும் அதன் முன் பொறுமையோடு அமரும் உள்ளம் வாய்த்தவர்க்கு, காலம் கனியும்போது அது கொடியாகப் படர்வதைக் காணும் பேறும் வாய்க்கும்.