வைத்திய மேதை ஷார்க்கோ

மருந்து கண்டவரைப் போற்றும் உலகம், நோயை இன்னதென்று காட்டியவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. அங்ஙனம் மறத்தற்குரியரல்லாத ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1825-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பாரிஸ் மாநகரிலே வண்டி செய்யும் தொழிலாளர் ஒருவருக்கு மகனாகத் தோன்றினார். சித்திரம் வரைவதில் கைதேர்ந்தவராயினும் வைத்தியக் கல்வியையே மேற்கொண்டார். 1862-இல் ஸால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியில் ஒரு பகுதிக்குத் தலைமை வைத்தியரானார். ஏழை மூதாட்டியரும் தீராப் பிணியுற்ற பெண்டிரும் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்திருந்த இடம் அது. பிறர் துயரக் கிடங்கெனக் கண்டதை அவர் கலாசாலையாகக் கண்டார்.

நோயாளரின் நடை, பேச்சு, கைந்நடுக்கம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் குறித்து வைப்பார். அவர் இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் நுண்பெருக்கியால் ஆராய்ந்து வரைவார். மூளையிற் சிதறிக் கிடக்கும் தழும்புகளை முன்னரே சிலர் வரைந்திருந்தனர். அத்தழும்புகளையும், கண்மணி அலைதல், பொருளை எடுக்க நீட்டிய கை நடுங்குதல், சொல் துண்டுபடுதல் என்னும் குறிகளையும் ஒருங்கே இணைத்து, 1868-இல் இது தனியொரு நோய் என நிறுவியவர் ஷார்க்கோவே. அதுகாறும் அது நடுக்குவாதத்தோடு மயங்கிக் கிடந்தது. நரம்பிழையைப் போர்த்திருக்கும் மையலின் என்னும் உறை அழிந்தும், உள்ளிழை பெரும்பாலும் எஞ்சியிருத்தலையும் கண்டார். மல்ட்டிபிள் ஸ்கிளீரோஸிஸ் என இன்று வழங்குவது இந்நோயே. தாம் கொடுத்த மருந்துகள் பயன்படவில்லை என்பதை அவர் மறைத்திலர்.

1882-இல் நரம்பு நோய்த் துறைக்குப் பேராசிரியரானார். 1885-இல் பிராய்ட் அவரிடம் பயில வந்தார். ஹிஸ்டீரியாவைப் பற்றி அவர் கொண்ட கொள்கைகள் பல பின்னர் நிலைபெறவில்லை, மேதையும் தவறுதலுண்டு. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

உடலின் காவற்படையே மையலின் உறையைப் பகையென மயங்கித் தாக்குதல் குழந்தைகளிடத்தும் உண்டு என்பதை இன்று அறிவோம். ஓடி விளையாடிய பிள்ளை திடீரெனப் பார்வை மங்குகின்றது, கால் தள்ளாடுகின்றது. சின்னாளில் தேறுகின்றது, சில திங்களோ ஆண்டோ கழித்து மீண்டும் வீழ்கின்றது. இத்தகைய பிள்ளைகள் சிலரின் குருதியில், அவ்வுறையின் மேலுள்ள எம்.ஓ.ஜி. என்னும் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் காணப்படுகின்றது. பலருக்கு நோய் ஒருமுறையோடு நிற்கும், சிலருக்கே திரும்பும். ஷார்க்கோ இறந்தாரிடத்துக் கண்ட தழும்புகளை, காந்தப் படம் உயிருள்ள பிள்ளையிடத்தே காட்டுகின்றது. தாக்குதலைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும், மீண்டும் வாராது காக்கப் பிற மருந்துகளும் உள.

ஆயினும் இரண்டாம் முறை தள்ளாடும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாது, முன்னை நிகழ்ச்சியை நினைந்து வைத்தியரிடம் சொல்லும் கண் ஒன்று வீட்டிலும் பள்ளியிலும் வேண்டும். பொறுமையோடு நோக்கும் அக்கண்ணே ஷார்க்கோ நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.