அடைக்கலம் தந்த அம்மையார்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி எழுதப் புகுவோர், ‘முதல்’ என்னும் சொல்லில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்டிருள் ஒருவர், சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் துணைத் தலைவர் என்பன யாவும் மெய்யே. ஆயினும் நாம் இங்கு எழுத எண்ணியது, அவரிடம் அடைக்கலம் தேடி வந்த மூன்று சிறுமியரைப் பற்றி.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அக்கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது, தாயின் குலத்தைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணைநின்றதால் மட்டுமே வழி பிறந்தது. தான் செய்யாத ஒன்றுக்காக ஒரு பெண் வெளியே நிறுத்தப்படுவது எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார்.

1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சட்டமன்றம் புகுந்ததும், 1927இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவரமறியாப் பருவத்துச் சிறுமியைச் சடங்கின் பெயரால் கட்டிவைத்துப் பின்னர்ச் செல்வர் ஒருவரின் இச்சைக்கு உரியவளாக்குவதை, இன்றைய சட்டம் குழந்தைமீது இழைக்கப்படும் பாலியல் குற்றம் என்றே கூறும். சிறுமியரை விற்பதும் வாங்குவதும் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றந்தான். ஆனால் சடங்கின் மறைவில் அது கண்டுகொள்ளப்படாமல் நடந்துவந்தது. கோயில் ஊழியத்துக்காக அம்மகளிர்க்கு விடப்பட்ட மானிய நிலங்களை அவ்வூழியக் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்க 1929இல் சட்டம் வந்தது. விபசார விடுதிகளுக்கு எதிரான சட்டம் 1930இல் வந்தது.

சட்டம் வந்தது, சிறுமி எங்கே போவாள்? இக்கேள்வியை அன்று கேட்டோர் மிகச் சிலரே. அவ்வாழ்வை உதறிக் கல்வி நாடி வந்த மூன்று சிறுமியர்க்குச் சென்னை நகரின் மாணவியர் விடுதிகள் இடந்தர மறுத்தன. பிற மாணவியரின் பெற்றோர் என்ன சொல்வரோ என்னும் அச்சம் போலும்! அம்மையார் வேறொரு விடுதியைத் தேடிக் காலங்கடத்தவில்லை. அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் படிக்கவைத்தார். அவ்வை இல்லம் அவ்வாறு தோன்றியதுதான்.

அதற்கு மீட்பு இல்லம் என்றோ அபலையர் விடுதி என்றோ பெயரிடாமல், தமிழ் மூதாட்டியின் பெயரைச் சூட்டியதை நாம் பெரிதாக எண்ணுகிறோம். முகவரி சொல்லும்போது ஒரு சிறுமி தலைகுனிய வேண்டியதில்லை அல்லவா? சாதி வினவாமல் ஆதரவற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்ட அவ்வில்லம், கல்வியும் கைத்தொழிலும் தந்து சொந்தக் காலில் நிற்கச் செய்தது.

தீங்குக்கு ஆளான பிள்ளையின் வாயை அடைப்பதே குடும்ப மானம் காக்கும் வழி என்னும் எண்ணம் எந்தச் சமூகத்தையும் விட்டுவைக்கவில்லை. அவசரமாக மணமுடிப்பதும், ஊரைவிட்டு அனுப்புவதும், பெரியோர் கூடிச் சமரசம் பேசுவதும் நம் தெருக்களும் அறியாதவை அல்ல. அம்மையார் வீட்டிலோ அச்சிறுமியரின் படிப்பே முதலில் பேசப்பட்டது. முஸ்லிம் மாணவியர்க்குத் தனி விடுதி வேண்டுமென்று அவர் குரல் கொடுத்ததையும் இவ்விடத்தில் நினைவுகூர்கிறோம்.

அவரை எதிர்த்தவருள் சனாதனிகள் மட்டுமல்லர், தேவதாசி மகளிர் சிலரும் இருந்தனர். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் பொய்யாகிவிடவும் இல்லை. கலை வேறு மேடைக்குச் சென்றபோது அதனைக் காத்துவந்த குடும்பங்கள் பல பின்தங்கின. இக்குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. எனினும் வயது வராச் சிறுமியைப் பொறுத்தவரை அம்மையார் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இல் நிறைவேறியது. தீர்மானத்திலிருந்து இருபது ஆண்டுகள்! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். மூன்று சிறுமியரோடு தம் வீட்டில் அவர் தொடங்கிய அவ்வை இல்லம், பின்னர் அடையாறு பெசன்ட் அவென்யூவில் பள்ளியுடன் கூடிய பெரிய நிலையமாக வளர்ந்தது.