பாலைநிலப் பாடல்களைப் பதிவு செய்த கோமல் கோத்தாரி

புது தில்லி: வண்ணத் தலைப்பாகையும், வில்லால் இழைத்து வாசிக்கும் நரம்புக் கருவியுமாக ராஜஸ்தான் பாலைநிலத்துப் பாடகர்கள் இன்று தில்லி அரங்குகளிலும் ஐரோப்பிய நகரங்களிலும் பாடி வருகின்றனர். அரசு விழாக்களில் அந்த மாநிலத்தின் அடையாளமாகவே அவர்கள் முன்னிறுத்தப்படுகின்றனர். ஆனால், 1950-களின் இறுதி வரை அவர்களுடைய பாட்டு, புரவலர் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் பரவலாகக் கேட்டதில்லை. அந்த முற்றங்களின் இசைக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு காது கொடுத்தவர் கோமல் கோத்தாரி. 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற ஒலிநாடாக்கள் எழுப்பும் கேள்விகள், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் விடை காணப்படாமல் உள்ளன.

மேவார் பகுதியிலுள்ள கபாசன் என்ற ஊரில் 1929-இல் பிறந்தவர் கோத்தாரி. ஜோத்பூரில் படித்தபோது விஜய்தான் தேத்தாவின் நட்பு கிடைத்தது. எழுத்தாளராக வேண்டும் என்பதே இருவரின் கனவு. ஹிந்தியே படித்தவர்களின் மொழி, ராஜஸ்தானி பாமரர் பேச்சு என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலம் அது. அந்த எண்ணம் முற்றிலும் மறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ராஜஸ்தானியைச் சாகித்ய அகாதெமி இலக்கிய மொழியாக ஏற்றுப் பரிசளித்து வருகிறது. ஆனால், அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் அதைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டப்பேரவை 2003-இல் நிறைவேற்றிய தீர்மானம், இருபது ஆண்டுகள் கடந்தும் பலன் தரவில்லை.

1953-இல் நண்பர்கள் இருவரும் 'பிரேரணா' என்ற இதழைத் தொடங்கினர். 1960-இல் தேத்தாவின் சொந்த ஊரான போருந்தாவில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற ஆய்வு நிறுவனம் உருவானது. பல்கலைக்கழகத்தின் நிழலிலோ தலைநகரிலோ அமையாமல், ஜோத்பூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் அமைந்தது என்பதே அதன் கொள்கையை உணர்த்தும். கதைகளைத் தேத்தா எடுத்துக்கொண்டார். பதினான்கு தொகுதிகளாக விரிந்த அவரது தொகுப்புக்கு 1974-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பாட்டும் ஒலியும் கோத்தாரியின் பங்காயின. தேத்தா எழுதிக் குவித்தார். கோத்தாரியோ எழுதியது குறைவு. கேட்பதும், கேட்டதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதுமே அவரது வழி. ருஸ்தம் பரூச்சா அவரோடு நிகழ்த்திய உரையாடல்கள் 2003-இல் நூலாக வந்திராவிடில், அவரது அறிவில் பெரும்பகுதி அவரோடு மறைந்திருக்கும்.

லங்கா, மாங்கணியார் என்னும் இரு சமூகங்களின் இசையே அவர் பதிவு செய்தவற்றுள் தலையாயது. (லங்கா என்னும் பெயருக்கும் இலங்கைக்கும் தொடர்பில்லை.) இரு சமூகத்தாரும் முஸ்லிம்கள். லங்காக்களின் புரவலர்கள் சிந்தி சிபாகி எனப்படும் முஸ்லிம் கால்நடை வளர்ப்போர். மாங்கணியார்களின் புரவலர்களோ பெரும்பாலும் ராஜபுத்திரர் உள்ளிட்ட ஹிந்துக்கள். பிறப்பு, திருமணம் என வீட்டு நிகழ்ச்சி எதுவாயினும் அவர்கள் சென்று பாட வேண்டும். புரவலரின் குல வரலாற்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். புரவலரின் குலதெய்வத்தைப் பாடும் அதே நாவு, சிந்து நாட்டு சூஃபி ஞானி ஷா அப்துல் லத்தீபின் பாடல்களையும் பாடும். 1947-இல் வரையப்பட்ட எல்லைக் கோடு, இவர்களின் உறவினரையும் பாட்டையும் இரு நாடுகளாகப் பிரித்தது.

குரலை இயந்திரம் விழுங்கிவிடும் என்று அஞ்சித் தொடக்கத்தில் சிலர் பாட மறுத்ததாகச் சொல்வதுண்டு. அந்த அச்சத்தைப் போக்கியதைவிடப் பெரிய செயல், கோத்தாரி கேட்ட கேள்விகள்தாம். ராகம் எது, தாளம் எது என்பதோடு அவர் நிற்கவில்லை. யார், யாருக்காக, எந்தச் சடங்கில் பாடினார். கூலியாகத் தானியம் கிடைத்ததா, ஆடு கிடைத்ததா, ஒட்டகம் கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார். பாடலைப் பிடுங்கி எடுத்துப் பேழையில் வைப்பது ஆவணம் ஆகாது, பாடுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள உறவும் பதிவாக வேண்டும் என்பது அவரது நிலை. பாணர் மரபை ஏட்டில் மட்டுமே காணக் கிடைத்த தமிழர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

புரவலர் தம் பாடகரைக் கைவிட முடியாது. ஆனால் அவமதிக்கப்பட்ட பாடகர் புரவலரை விலக்கிவிடலாம் என்றொரு மரபு அங்குண்டு. கோத்தாரி இதைப் பெரிதும் வலியுறுத்தி வந்தார். அது உண்மையே எனினும், நிலமும் ஆதிக்கமும் யார் கையில் இருந்தன என்பதையும் மறந்துவிட இயலாது. 2017 செப்டம்பரில் ஜெய்சல்மேர் மாவட்டம் தாந்தல் கிராமத்தில், நவராத்திரி வழிபாட்டில் தம்மீது அம்மன் இறங்கும்படி பாடவில்லை என்று பூசாரி ஒருவர் ஆத்திரமுற்றதைத் தொடர்ந்து மாங்கணியார் பாடகர் ஒருவர் கொல்லப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. அவ்வூர் மாங்கணியார் குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேறின. இசை ஒற்றுமை வளர்க்கும் என்று மேடையில் பேசுவோர் தாந்தலையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கருவியைக் கண்டே வாசிப்பவரின் சமூகத்தை அறியலாம் என்ற அளவுக்கு அங்கே சாதியும் இசையும் பின்னிக் கிடக்கின்றன. மாங்கணியாரின் கருவி கமாய்ச்சா. மாமரத்தைக் குடைந்து செய்த பெரிய வட்ட வயிற்றின்மீது ஆட்டுத்தோல் போர்த்தி, ஆட்டு நரம்பை முதன்மைத் தந்திகளாகக் கட்டுவர். உடன் அதிரும் உலோகத் தந்திகள் வேறு. நீண்ட வில்லை இழைத்தால் கனத்த, சற்றே கரகரத்த நாதம் எழும். லங்காக்களில் ஒரு பிரிவினரிடம் இருப்பது சிந்தி சாரங்கி. பாபூஜி என்னும் நாட்டார் தெய்வத்தின் காவியத்தை இரவெல்லாம் பாடும் போப்பாக்களின் கருவி ராவணஹத்தா. ஓவியத் திரையைப் பின்னால் விரித்து, கணவர் கருவியை இழைத்துப் பாட, மனைவி விளக்கேந்தி உடன் பாடுவார். வில்லில் கட்டிய சலங்கையே தாளம். தென்னை விளையாத பாலையில் இக்கருவியின் குடம் தேங்காய் ஓடு. ராவணன் படைத்த கருவி என்று மரபு சொல்கிறது.

கமாய்ச்சாவை ஆர்மோனியம் மெல்ல ஓரங்கட்டியது. செய்யத் தெரிந்த தச்சர்களும் அருகினர். அமீரா கிராமத்தைச் சேர்ந்த கமாய்ச்சா கலைஞர் சாகர் கானுக்கு 2012-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

1960-களிலேயே இக்கலைஞர்களைத் தில்லி மேடைக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் அழைத்துச் சென்றவர் கோத்தாரி. இதனால் கலைஞர்க்குப் புதிய வருவாய் பிறந்தது. முற்றத்தில் இரவு முழுதும் நீண்ட பாட்டு, மேடையில் சில நிமிடங்களாகச் சுருங்கியது. புரவலரின் இடத்தைச் சுற்றுலாத் துறையும் விடுதிகளும் பிடித்தன. ஒரு கலையைக் காப்பாற்ற முனைந்தவரின் கையாலேயே அதன் வடிவம் மாறியது என்று சிலர் குறை கூறுவர். புரவலர்களே வறட்சியில் நொடிந்துபோன நிலையில் வேறு வழி என்ன இருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

உரிமைச் சிக்கல் இதைவிடக் கூர்மையானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகர்க்கென நிகழ்த்துநர் உரிமை இல்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. அதன் பின்னரும், இயற்றியவர் பெயர் தெரியாத நாட்டுப்பாடலை எவரும் எடுத்தாளலாம் என்ற நிலையே தொடர்ந்தது. 1999-இல் வெளியான ஹிந்தித் திரைப்படத்தின் புகழ்பெற்ற 'நிம்பூடா' பாடல் மாங்கணியார் பாடலிலிருந்து வந்ததே. பாடல் நாடறிந்தது, பரம்பரையாக அதைப் பாடியவர்களை நாடு அந்த அளவுக்கு அறியவில்லை.

கோத்தாரிக்கு 1983-இல் பத்மஸ்ரீயும், மறைந்த 2004-இல் பத்மபூஷணும் வழங்கப்பட்டன. ஆனால் இறுதிக் காலத்தில் அவர் மனத்தை நிறைத்தவை துடைப்பங்கள். கம்பு, சோளம், மக்காச்சோளம் என விளையும் தானியத்தைக் கொண்டே ராஜஸ்தானைப் பண்பாட்டு வட்டங்களாகப் பிரித்தவர் அவர். எந்த மண்ணில் எந்தப் புல் வளர்கிறது, அதை எந்தச் சமூகத்தார் துடைப்பமாகக் கட்டுகின்றனர் என்று ஆராய்ந்தார். ஜோத்பூர் அருகே மோக்லாவாசில் அவர் எண்ணப்படி உருவான அர்ணா ஜர்ணா அருங்காட்சியகத்தில் அரசர்களின் வாளும் கேடயமும் இல்லை. துடைப்பங்களே முதலில் இடம் பெற்றன.

தில்லியை அடுத்த குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பக இயக்குநராயிருந்த சுபா சௌத்ரி, அமெரிக்க அறிஞர் டேனியல் நியூமன் ஆகியோருடன் இணைந்து கோத்தாரி உழைத்த மேற்கு ராஜஸ்தான் இசை மரபு வரைபட நூல், அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. எந்தச் சமூக இசைக்கலைஞர் எந்தப் பகுதியில் வாழ்கின்றனர், அவர்களின் புரவலர் யார் என்பதையெல்லாம் அதன் வரைபடங்கள் காட்டுகின்றன.