சி. பஞ்சரத்தினம்

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம் (பிப்ரவரி 9, 1934 - மே 28, 1969) ஒளியியல் துறையில் பெரும் பங்களிப்புச் செய்த இந்திய இயற்பியலாளர் ஆவார். முனைவாக்கப்பட்ட ஒளியின் கட்டம் பற்றி 22 ஆம் வயதில் இவர் கண்டறிந்த விளைவு இன்று பஞ்சரத்தினம் கட்டம் என அழைக்கப்படுகிறது. இவரது காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாத இவ்விளைவின் முழுப் பொருள், இவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அறிவியலாளர்களால் உணரப்பட்டது.

வாழ்க்கைச் சுருக்கம்

பஞ்சரத்தினம் கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தாயார் சீதாலட்சுமி, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த நோபல் பரிசாளர் சர் சி. வி. இராமனின் உடன்பிறந்தவர். படிகவியலாளர் சி. இராமசேசன், நீர்மப் படிக ஆய்வாளர் சி. சந்திரசேகர் ஆகிய இருவரும் இவருடைய தமையன்மார். இந்தச் சந்திரசேகரும், நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் வெவ்வேறானவர்கள்.

பஞ்சரத்தினம் 1950களில் பெங்களூர் இராமன் ஆய்வுக் கழகத்தில் தம் மாமனிடம் ஆய்வு மேற்கொண்டார். அவரது முதன்மையான ஒளியியல் கட்டுரைகள் இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வெளிவந்தன. பின்னர் மைசூர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1964 இல் இங்கிலாந்து சென்று, ஆக்சுபோர்டு செயிண்ட் கேத்தரின் கல்லூரியின் ஆய்வாளரானார். அங்கு ஜார்ஜ் சீரீசுடன் இணைந்து அணுக்களின் ஒளியியல் ஏற்றம் பற்றி ஆராய்ந்தார். 1969 இல் தம் 35 ஆம் வயதில் ஆக்சுபோர்டில் காலமானார். இவருடைய கட்டுரைகளைச் சீரீசு தொகுக்க, 1975 இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அவற்றை நூலாக வெளியிட்டது.

நிறப்பிழையற்ற அலைத்தட்டுகள்

இரட்டை விலகல் கொண்ட படிகத்தால் ஆன அலைத்தட்டு, ஒளியின் முனைவாக்கத்தை மாற்றப் பயன்படுகிறது. ஆனால் ஒரு தனித் தட்டு ஓர் அலைநீளத்துக்கு மட்டுமே சரியாக இயங்கும். நிறம் மாறினால் பிழை தோன்றும். மூன்று தட்டுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால், ஒன்றின் பிழையை மற்றவை பெருமளவு ஈடுசெய்யும் என்று 1955 இல் பஞ்சரத்தினம் காட்டினார். இவ்வமைப்பு இன்றும் வானியல் முனைவாக்க அளவிகளில் பயன்படுகிறது.

பஞ்சரத்தினம் கட்டம்

ஒரே முனைவாக்கம் கொண்ட இரு கற்றைகள் எப்போது ஒத்த கட்டத்தில் உள்ளன என்று சொல்வது எளிது. முனைவாக்கம் வேறுபட்டால் என்ன செய்வது? இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழச் செய்யும்போது செறிவு எந்நிலையில் பெருமமாகிறதோ, அந்நிலையில் அவை ஒத்த கட்டத்தில் உள்ளன என்று 1956 இல் இவர் வரையறுத்தார்.

இவ்வரையறையிலிருந்து எதிர்பாராத முடிவு ஒன்று கிடைத்தது. முதற்கற்றை இரண்டாவதுடனும், இரண்டாவது மூன்றாவதுடனும் ஒத்த கட்டத்தில் இருந்தாலும், மூன்றாவது முதலாவதுடன் ஒத்திருக்க வேண்டியதில்லை. முனைவாக்க நிலைகளைப் புள்ளிகளாகக் காட்டும் புவன்காரே கோளத்தில் இம்மூன்று நிலைகளும் ஒரு முக்கோணத்தை அமைக்கும். கோளத்தின் மையத்தில் அம்முக்கோணம் தாங்கும் திண்மக் கோணத்தின் பாதியே எஞ்சும் கட்ட வேறுபாடு ஆகும். ஒளி கடந்த தொலைவு இதைத் தீர்மானிப்பதில்லை. முனைவாக்கம் மேற்கொண்ட பாதையின் வடிவமே தீர்மானிக்கிறது.

பிற்கால ஏற்பு

1984 இல் பிரித்தானிய இயற்பியலாளர் மைக்கேல் பெரி, குவாண்டம் இயக்கவியலில் வடிவியற் கட்டம் என்னும் கருத்தை முன்வைத்தார். பஞ்சரத்தினத்தின் முடிவு அதன் முன்னோடி என்பதை 1986 இல் இராமசேசனும் இராஜாராம் நித்தியானந்தாவும் சுட்டிக்காட்டினர். 1987 இல் பெரியும் தம் கட்டுரையில் இதனை ஏற்று விளக்கினார். 1988 இல் இராமன் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த இராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் இக்கட்டத்தைக் குறுக்கீட்டுமானி கொண்டு அளந்தனர்.

பயன்பாடுகள்

இக்கட்டம் இசைவிக்கத்தக்க ஒளி வடிகட்டிகளில் பயன்படுகிறது. பெர்னார்டு லியோ 1933 இல் கண்ட வகை வடிகட்டியில், படிகத் தட்டின் தடிப்பே கடக்கும் அலைநீளங்களைத் தீர்மானிக்கிறது. அதனுடன் இரு கால் அலைத்தட்டுகளையும், அவற்றிடையே சுழலும் ஓர் அரை அலைத்தட்டையும் சேர்த்தால், படிகத்தை மாற்றாமலே வடிகட்டியை வேறு நிறத்துக்கு நகர்த்தலாம். அரைத்தட்டு 90 பாகை திரும்பும்போது கட்டம் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை மாறும்.

சிலிக்கன் ஒளிச்சில்லுகளில் உள்ள வளைய வடிகட்டிகள் பெரும்பாலும் வேறு வழியில் இசைவிக்கப்படுகின்றன. நுண் சூடேற்றி ஒன்று அலைவழியைச் சூடாக்கி, அதன் விலகல் எண்ணை மாற்றுகிறது. ஆனால் சிலிக்கன் நுண்ணமைப்புகளிலும் பஞ்சரத்தினம் கட்டத்துக்கு இடமுண்டு. ஒரே வடிவமுள்ள நுண் பட்டைகளை வெவ்வேறு கோணங்களில் திருப்பி அமைத்தால், வட்ட முனைவாக்க ஒளிக்கு ஒவ்வொன்றும் தன் கோணத்தைப் போல் இரு மடங்கு கட்டத்தைத் தரும். இவ்வாறு தட்டையான வில்லை அமைக்கலாம் என்பது 2014 இல் சிலிக்கன் கொண்டு செய்துகாட்டப்பட்டது.

உட்கவரும் படிகங்கள் பற்றிய ஆய்வு

ஒளியை உட்கவரும் ஈரச்சுப் படிகங்களில், சில திசைகளில் ஒரேயொரு முனைவாக்கம் மட்டுமே மாறாமல் செல்கிறது. 1902 இல் வோல்டெமார் வோய்க்ட் சுட்டிய இத்திசைகளைப் பஞ்சரத்தினம் 1955 இல் விரிவாக ஆராய்ந்தார். இவை சிறப்புப் புள்ளிகள் என்று இன்று அழைக்கப்படும் நிகழ்வின் தொடக்கக்கால எடுத்துக்காட்டுகள். 2017 இல் நுண் ஒளிவளையங்களைக் கொண்ட உணரிகளின் நுண்ணுணர்வை உயர்த்த இத்தகைய புள்ளிகள் பயன்படுத்தப்பட்டன.